அந்த மோட்டார் குறுக்கே வரவில்லை

என் பெயர் சீதாலெட்சுமி. தந்தை பெயர் அய்யாவு. வயது நாற்பத்தேழு. மலேசியக் குடிமகள். கிள்ளானில், அடையாள அட்டையில் உள்ள முகவரியில் என் கணவர் சுகுமாறனோடு வசித்து வருகிறேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் இருவருக்கும் சொந்தமாக ஒரு பூக்கடை இருக்கிறது. எனக்கும் கார் ஓட்டும் உரிமம் உண்டு, ஊருக்குள் கடை வேனைப் பெரும்பாலும் நான்தான் ஓட்டுகிறேன். மலாய் எனக்கு நன்றாகவே வரும். ஆனாலும் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் தருவதாகக் கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் கோபமாக இருக்கும்போது எனக்குத் தமிழ்தான் தடங்கல் இல்லாமல் வருகிறது. இந்தப் போலீஸ் நிலையத்தின் சார்ஜன் சதீஷ்குமார் தமிழிலேயே எழுதிக்கொண்டு பிறகு மலாயில் மாற்றுவதாகச் சொன்னார்.

என்னை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இங்கே அழைத்து வரவில்லை. வராதே என்றுதான் மிரட்டினார்கள். எழுதத் தொடங்கும் முன் சார்ஜன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "காடி ஓட்டுனது உங்க வீட்டுக்காரரு. யோசிச்சுத்தானேம்மா வந்திருக்கீங்க?" என்று கேட்டார். யோசித்துத்தான் வந்திருக்கிறேன், எழுதுங்கள் என்றேன்.

போன வெள்ளிக்கிழமை பிற்பகல், கிள்ளானில் ஒரு சமிக்ஞை விளக்கின் அருகே எங்கள் புதுக் கார் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் மோதியது. அதில் இருந்தவர் ஜெய்னுதீன். தமிழ்நாட்டிலிருந்து வேலைப் பெர்மிட்டில் வந்து, கிள்ளானில் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறவர். அவர் இடப்பக்கத்திலிருந்து திடீரென்று குறுக்கே புகுந்துவிட்டார் என்று என் கணவர் புகார் கொடுத்திருக்கிறார். எங்கள் காரின் பின்சீட்டில் இருந்த என் கணவரின் அக்காள் அமுதவள்ளியும் அப்படியே சொல்லியிருக்கிறார். அது பொய். ஜெய்னுதீன் குறுக்கே வரவில்லை. அவர் சிவப்பு விளக்குக்கு நின்றுகொண்டிருந்தார். இதைச் சொல்லத்தான் வந்தேன், மற்றதெல்லாம் இது எப்படி நடந்தது என்பதற்கான விவரம்.

அந்த வண்டி குடும்பத்துக்காக வாங்கிய பெரிய ரகக் கார். வாங்கும் முன்பு ஓட்டிப் பார்க்கப் போனபோது விற்பனையாளர் என் கணவரிடம், முன்னால் போகும் லோரியைப் பாருங்கள், காலை எடுத்துவிடுங்கள் என்றார். என் கணவர் காலை எடுத்தார். லோரி மெதுவானதும் வண்டியும் மெதுவானது, லோரி நின்றதும் வண்டியும் தானாக நின்றது. என் கணவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "அலாமாக்! பாத்தியா சீதா, காடிக்குக் கண்ணு இருக்கு!" என்று கத்தினார். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர், போகிறவர், மல்லிகை அளந்து கொடுக்கிற நேரத்தில்கூட, ஒருவரையும் விடாமல் இந்தக் கதையைச் சொன்னார். வண்டியோடு கொடுத்த தடித்த கையேட்டை மட்டும் பிரித்துப் பார்க்கவில்லை. நான் பிரித்தேன். எனக்கு அத்தனை பொத்தான்களைப் பார்த்தாலே பயம், பயமாக இருக்கிற பொருளை நான் படித்துவிடுவேன், அது என் சுபாவம்.

சார்ஜன் இந்த இடத்தில், வண்டி எப்படித் தானாக நிற்கிறது என்று விளக்கச் சொன்னார். வண்டியின் முகப்பில் உள்ள கம்பெனிச் சின்னத்துக்குப் பின்னால் ரேடார் இருக்கிறது. அதுதான் முன்னால் என்ன நிற்கிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்க்கிறது. ஸ்டீயரிங்கின் வலப்பக்கத்தில் வேகத்தைப் பிடித்து வைக்கிற பொத்தான் இருக்கிறது. அதை ஒரு தட்டு தட்டினால், டேஷ்போர்டில் ஒரு குட்டிக் காரும் அதன் பின்னால் சில கோடுகளும் பச்சையாக எரியும். அப்போது வண்டி வேகத்தையும் பார்த்துக்கொள்ளும், முன்னால் இருப்பதோடு இடைவெளியையும் பார்த்துக்கொள்ளும். ரேடார் மறைந்திருந்தால் இது வேலை செய்யாது, ஆபத்தில் தானாகப் பிரேக் போடுவதும் வேலை செய்யாது. ஆனால் அதே பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் வெறும் வேகமானியின் படம் மட்டும் பச்சையாக எரியும். அது பழைய காலத்து முறை. சொன்ன வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும், முன்னால் யார் நின்றாலும் அதற்குத் தெரியாது. இரண்டு படத்தையும் தாளில் வரைந்து கொடுத்திருக்கிறேன், அதை இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூசை போட்டோம். பூக்கடைக்காரன் வண்டி என்று ஊருக்கே தெரிய வேண்டும் என்று என் கணவர் வியாழக்கிழமையே உட்கார்ந்து தன் கையால் மாலை கட்டினார். செவ்வந்தி, ரோஜா, துளசி, இடையிடையே வெள்ளி ஜிகினா, ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன். பிரிக்பீல்ட்ஸ் கோயில் வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகு, குருக்கள் முகப்புச் சின்னத்தின் மேல் ஒரு கை சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். அதன் பிறகு என் கணவர் மாலையை முகப்பின் குறுக்கே கட்டினார். சின்னம் இருந்த இடமே தெரியவில்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை.

வண்டியில் ஏறும் முன் நான் என் கணவரிடம், ரேடார் அங்கேதான் இருக்கிறது, சந்தனத்தைத் துடைத்துவிட்டு மாலையைக் கழற்றிப் பின்னால் வைத்துக்கொள்வோம் என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாமி மாலைய கோயில் வாசல்லயே அவுக்கச் சொல்றியா? உனக்கு என்னா பைத்தியமா?" என்றார். நான் அண்ணி என்று கூப்பிடும் அமுதவள்ளி, "அது காஞ்சு தானா விழணும் சீதா. நம்ம கையால எடுத்தா காடிக்கு ஆகாது" என்றார். எங்கள் ஆட்கள் அப்படித்தான், நெடுஞ்சாலையில் காய்ந்த மாலையோடு எத்தனை வண்டியை வேண்டுமானாலும் பார்க்கலாம். பழைய வண்டிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இந்த வண்டிக்கு ஆகும் என்று சொன்னேன், கேட்கவில்லை.

அதன் பிறகு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பினோம். ஓட்டியது என் கணவர், பக்கத்தில் நான், பின்னால் அண்ணி. கிளம்பியதுமே வண்டி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. தொங்கிய பூவைப் பார்த்து முன்னால் சுவர் இருப்பதாக அது நினைத்திருக்கிறது. வண்டி நிறுத்தும்போது உதவுகிற அந்த ஒலியை என் கணவர் பொத்தானை அழுத்தி அணைத்தார். அதன் பிறகு பெடரல் நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கோடு ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வந்தது. முன் ரேடார் மறைக்கப்பட்டிருக்கிறது, ஓட்டுநர் உதவிகள் செயல்படவில்லை என்று அதற்குப் பொருள். நான் அதை வாய்விட்டுப் படித்தேன். என் கணவர் ஸ்டீயரிங்கில் ஓகே பொத்தானை அழுத்தினார், வாசகம் போய்விட்டது, மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு அண்ணிக்குக் காட்ட வேண்டும் என்று என் கணவர் அந்த வேகப் பொத்தானைத் தட்டினார். எரியவில்லை. திரும்பத் தட்டினார். எரியவில்லை. எரிச்சலோடு விடாமல் அழுத்திப் பிடித்தார். வேகமானியின் படம் மட்டும் பச்சையாக எரிந்தது. "இது அது இல்லங்க. குட்டிக் காரு இல்ல பாருங்க. இதுல காடி நிக்காது" என்றேன். அவர், "பச்ச எரியுதுல்ல? அப்புறம் என்னா? எல்லாத்தையும் புக்குல படிச்சிட்டு வந்து என் உசிர எடுக்காதலா" என்றார். அண்ணி சிரித்தார். நான் வாயை மூடிக்கொள்ளவில்லை, இன்னொரு தடவையும் சொன்னேன். அவர் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்.

நெடுஞ்சாலை முழுக்க வழி காலியாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கிள்ளானுக்குள் இறங்கியதும் வேகத்தை எழுபதுக்குக் குறைத்து அதே பச்சையிலேயே விட்டார். சமிக்ஞை விளக்கு தூரத்திலேயே சிவப்பாகத் தெரிந்தது. எங்கள் பாதையில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. நின்றது என்று எழுதுங்கள். அதன் பின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் இடது காலைத் தார் சாலையில் ஊன்றியிருந்தார், கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஓடுகிற மோட்டாரில் யாரும் அப்படிச் செய்வதில்லை. இடப்பக்கப் பாதையிலிருந்து யாரும் வரவில்லை, அந்தப் பாதையே காலியாக இருந்தது.

என் கணவரின் கால் பிரேக்கின் மேல் இல்லை. இரண்டு காலும் தரையில் தட்டையாக இருந்ததை நான் பார்த்தேன், விளக்கு சிவப்பாக இருந்தும் ஏன் பிரேக்கை மிதிக்கவில்லை என்று பார்க்கத்தான் குனிந்தேன். அவர் தலையைப் பாதி பின்னால் திருப்பி, "அக்கா, இப்ப பாரு, தானா நிக்கும்" என்றார். அவர் கவனக்குறைவாக ஓட்டவில்லை. அந்த மோட்டாரைப் பார்த்தார், பார்த்துக்கொண்டேதான் போனார். வண்டி நிற்கும் என்று கடவுளை நம்புகிற மாதிரி நம்பினார். "பிரேக்க மிதிங்க!" என்று நான் அலறி அவர் தொடையில் அடித்த பிறகுதான் மிதித்தார். வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு போய் மோதியது. ஜெய்னுதீன் முன்னால் தூக்கி எறியப்பட்டு விழுந்தார், மோட்டார் அவர் காலின் மேல் கிடந்தது.

நான்தான் முதலில் இறங்கினேன். சாலையில் நின்ற இரண்டு பேர் ஓடிவந்து மோட்டாரைத் தூக்கினார்கள். அவர் மேலெல்லாம் செவ்வந்தி உதிர்ந்து கிடந்தது, வாரித் தள்ளினேன். அவர் கண்ணைத் திறந்து, நான் தமிழ் என்று எப்படித் தெரிந்ததோ, "அக்கா, நான் நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன்?" என்று கேட்டார். வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. இதைத்தான் முதலில் கேட்டார். "ஆமா தம்பி, நின்னுக்கிட்டுத்தான் இருந்தீங்க" என்று சொன்னேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார், நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வந்ததும் அவரோடு யாரும் இல்லாததால் நானே ஏறிக்கொண்டேன்.

ஆகவே என் கணவர் போலீசில் புகார் கொடுக்கும்போது நான் பக்கத்தில் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன எழுதிக் கொடுத்தார் என்று எனக்குத் தெரிந்தது. நிலையத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் உட்கார்ந்திருந்தபோது அண்ணி, "அவன்தானே குறுக்க பூந்தான்?" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார். என் கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. இருபது வருடமாகக் கூட இருக்கிறேன், எனக்குத் தெரியும். அன்று அவர் சாப்பிடவில்லை, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள், கேமரன் மலைக்குப் போய்ப் பூ எடுத்து வருவது யார் என்று கேட்டார். "நான் எடுத்துட்டு வரேன். எனக்கு லைசென்ஸ் இருக்குல்ல?" என்றேன்.

மறுநாள் ஜெய்னுதீனைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, தகடு வைத்திருக்கிறார்கள், இன்னொரு அறுவை சிகிச்சை பாக்கி இருக்கிறது. நான் போனபோது அவர் ஊரில் உள்ள மனைவி ரம்லத்தோடு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். கால் தெரிந்துவிடக் கூடாது என்று கைப்பேசியை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்திருந்தார், கை வலித்து இறங்க இறங்க ஏற்றிக்கொண்டார். லேசாகச் சறுக்கி விழுந்துவிட்டேன், இரண்டு நாளில் வேலைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அங்கே அவருடைய முதலாளியும் வந்தார். நான் யார் என்று தெரிந்ததும் என்னை வெளியே கூப்பிட்டு, "நல்ல பையன்தான் கா. ஆனா குறுக்க விட்டான்னு போலீஸ் எழுதிட்டா நான் என்னா செய்ய? கடை மோட்டாரு, என் பேரு. பெர்மிட்ட கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவேன்" என்றார். பாதி ஒட்டிய காலோடு, தப்பு செய்தவன் என்ற பெயரோடு, நின்றுகொண்டிருந்த மனிதனை விமானத்தில் ஏற்றி அனுப்புவார்கள். ஏன் என்றால் எங்கள் வீட்டில் ஒருவருக்கு மாலையை அவிழ்க்க மனம் வரவில்லை. நான் உள்ளே போய் ஜெய்னுதீனிடம், போலீசில் நான் சொல்கிறேன் என்றேன். அவர், "வேணாங்க்கா, உங்க வீட்டுல சண்ட வரும்" என்றார். சண்டை ஏற்கெனவே வந்துவிட்டது, நீங்கள் காலைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சார்ஜன், மோட்டார் கடைசி நேரத்தில் கொஞ்சம் நகர்ந்திருக்கலாமே என்று கேட்டார். நகரவில்லை. வண்டியில் கோளாறு என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாது. வண்டி பீப் அடித்துச் சொன்னது, எழுத்தில் சொன்னது, மஞ்சள் விளக்கு போட்டுச் சொன்னது, அதற்கு மேல் அது என்ன செய்யும், இறங்கி வந்து காலில் விழுமா? டேஷ்கேம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, புது வண்டி, இன்னும் பொருத்தவில்லை. முகப்பில் ஒட்டிய சந்தனமும் அறுந்த மாலையின் நாரும் இப்போதும் இந்த நிலையத்தின் வளாகத்தில் நிற்கிற வண்டியில் இருக்கின்றன. நான் எதிரில் இருக்கும்போதே சார்ஜன் போய் அதைப் படம் எடுத்தார். மழை வந்து கழுவிவிடும் முன் எடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

கணவரின் மேல் ஏதாவது பழைய மனக்கசப்பு இருக்கிறதா என்றும் சார்ஜன் கேட்டார். அது அவர் கேட்க வேண்டிய கேள்வி, தப்பில்லை. மனக்கசப்பு இல்லை. இன்று காலை நான் கிளம்பும்போது என் கணவர் வாசலில் நின்று, "எனக்கு எதிரா சொல்லப் போறியா?" என்று கேட்டார். "நடந்தத சொல்லப் போறேன். நீங்களும் வாங்க, ஒண்ணா போய்ச் சொல்லுவோம்" என்றேன். அவர் செருப்பைப் போட்டார், பிறகு கழற்றிவிட்டார். எங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் அண்ணி உள்ளேயிருந்து வந்து, "கட்டுன புருசன போலீஸ்ல மாட்டிவிடப் போறவ, அப்படியே போயிடு. திரும்ப இந்த வீட்டுப் படி ஏறாத" என்றார். என் கணவர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் வலித்தது, இடித்த காரைவிட அதிகமாக வலித்தது, அதையும் எழுதிக்கொள்ளலாம். அதன் பிறகு நான் கொமுட்டர் ரயில் நிலையம் வரை நடந்து, அங்கிருந்து வாடகைக் கார் பிடித்து இங்கே வந்தேன்.

சார்ஜன் கடைசியாக, நீதிமன்றத்திலிருந்து சாட்சிக்கு அழைப்பு வந்தால் எந்த முகவரிக்கு அனுப்புவது, உறவினர் வீடு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மேலே எழுதிய அதே முகவரிக்கு அனுப்பச் சொன்னேன். அது என் வீடு. இங்கிருந்து நேராக அங்கேதான் போகிறேன். படியேறுவேன். அழைப்பு வந்தால் அந்த வாசலிலேயே நின்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வேன்.

இதில் உள்ளது அத்தனையும் நான் வாயால் சொன்னது. சார்ஜன் எனக்கு வாசித்துக் காட்டினார், கவனமாகக் கேட்டேன், கூட்டியதும் இல்லை குறைத்ததும் இல்லை. சீதாலெட்சுமி மனம் மாறிவிட்டாள் என்று நாளைக்கு யாராவது வந்து சொன்னால் நம்ப வேண்டாம், என்னைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அப்போதும் இதையேதான் சொல்வேன். ஜெய்னுதீன் நின்றுகொண்டிருந்தார்.

கையொப்பம்:
சீதாலெட்சுமி
சுகுமாறனின் மனைவி

என் முன்னிலையில் பதிவு செய்து, வாசித்துக் காட்டப்பட்டது:
சார்ஜன் சதீஷ்குமார்